அம்புலிப் பருவத்தில் ஓர் ஊரடங்கு

(இராமநாதபுரத்தில் பெற்றோர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூடியிருந்த அவையில் பேச்சு, கேட்டல் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அங்கன்வாடி அம்மாக்களுக்கும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், கைப்பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். பிள்ளை அழுதால் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். இன்றைய பேச்சே அவர்களைப் பற்றியதுதான்.

2025 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் 2019 நடுவிலிருந்து 2020 நடுவுக்குள் பிறந்தவர்கள். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியபோது அவர்களில் சிலர் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்; சிலர் தாயின் வயிற்றில் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருப்பவர்களுக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. ஆக, இன்று ஒரு தொடக்கப் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய அத்தனை பிள்ளைகளும் பேச்சு வளரும் வயதில் ஊரடங்கைக் கண்டவர்கள்.

பெரிய பிள்ளைகளின் இழப்பை நாடு கணக்கெடுத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்குமா என்று ஏசர் என்னும் கல்வி ஆய்வுக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2018-இல் 10.2 விழுக்காட்டுப் பிள்ளைகள் வாசித்தார்கள், 2022-இல் 4.8 விழுக்காட்டினர்தான் வாசித்தார்கள். இப்படிப்பட்ட இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல திட்டம், நான் அதை நெஞ்சாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குக் கீழே இருந்த பிள்ளைக்கு வர வேண்டிய சொல் வந்ததா என்று அந்த அளவில் வீடு வீடாகப் போய்க் கேட்ட திட்டம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கன்வாடி 2020 மார்ச்சிலேயே மூடப்பட்டது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை. அரிசியும் பருப்பும் முட்டையும் சத்துமாவும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அந்த வேலையால் எத்தனை பிள்ளைகள் மெலியாமல் தப்பித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சத்துமாவு வீட்டுக்கு வந்தது. கூட உட்கார்ந்து பாடவும் கதை கேட்கவும் சண்டை போடவும் வேறு பிள்ளைகள் வரவில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் 2022 பிப்ரவரி 16-இல்தான் திறந்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டு. நமக்கு அது இரண்டு ஆண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஆயுளில் பெரும்பகுதி.

பேச்சு எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நம் தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறது. முருகன் மேல், மீனாட்சியம்மை மேல், நபிநாயகம் மேல் எல்லாம் பாடியிருக்கிறார்கள். குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்களாகப் பிரிப்பது அதன் வழக்கம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கை கொட்டுவது. பதினொன்றாம் மாதம் முத்தம். பதின்மூன்றில் வருகை, ‘வா’ என்றால் நடந்து வருவது. பதினைந்தில் அம்புலி, நிலாவை விளையாடக் கூப்பிடுவது. இவற்றைப் புலவர்களின் கற்பனை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் போய்விட்டோம். என் தொழிலில் இருந்து பார்க்கிறபோது எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. கை கொட்டச் சொன்னால் கொட்டுகிறதா, கூப்பிட்டால் வருகிறதா, காட்டிய இடத்தைப் பார்க்கிறதா, தானே விரல் நீட்டிக் காட்டுகிறதா என்றுதான் இன்றைக்கும் ஒரு வயதுப் பிள்ளையிடம் நாங்கள் சோதிக்கிறோம். அதிலும் விரல் நீட்டுவது முக்கியம். ‘அதோ பார்’ என்று பிள்ளை உங்கள் கண்ணை இன்னொரு பொருளுக்கு இழுக்கும்போது, நீங்கள் அதன் பெயரைச் சொல்கிறீர்கள். நாய், காகம், படகு, நிலா. பேச்சு அங்கேதான் முளைக்கிறது.

அயர்லாந்தில் 2020 மார்ச் முதல் மே வரை பிறந்த 309 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வயதில் அர்த்தமுள்ள ஒரு சொல்லாவது சொன்னவர்கள் 76.6 விழுக்காடு. கொரோனாவுக்கு முன் பிறந்த குழந்தைகளில் அது 89.3. விரல் நீட்டிக் காட்டியவர்கள் 83.8; முன்பு 92.8. டாட்டா காட்டியவர்கள் 87.7, முன்பு 94.4. தவழ்வதில் மட்டும் ஊரடங்குக் குழந்தைகள் முந்தினார்கள், வீட்டுத் தரையிலேயே கிடந்ததால் இருக்கலாம். நான்கில் ஒரு குழந்தை தன் முதல் பிறந்தநாளுக்குள் தன் வயதுக் குழந்தை ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. யாரும் வீட்டுக்கு வரவில்லை என்றால் யாருக்கு டாட்டா காட்டுவது? வெளியே போகவில்லை என்றால் எதைப் பார்த்து விரல் நீட்டுவது? அந்த எண்களை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

இதை அப்படியே நம் கடற்கரைக்கு எடுத்து வைத்துவிடலாமா? கூடாது. அயர்லாந்துக்காரர் வீட்டுக் கதவு சாத்தினால் சாத்தியதுதான். தங்கச்சிமடத்திலோ ஓலைக்குடாவிலோ வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் அப்படிக் கறாரான கோடு கிடையாது. பெத்தாவோ அப்பத்தாவோ வாசலில் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா பிள்ளைகள் மணலில் புரண்டுகொண்டிருப்பார்கள். அதோடு இன்னொன்று நடந்தது. 2020 மார்ச் கடைசியில் படகுகள் கரையேறின. அந்த ஊரடங்கு முடியும் முன்பே ஏப்ரல் 15-இல் ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. வழக்கமாக 61 நாள் இருப்பதை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்து மே 31 வரை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து, இரவெல்லாம் கடலில் கிடக்கும் தகப்பன் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தான். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான், வலை பொத்தும்போது பக்கத்தில் உட்கார வைத்தான். சூடை, நகரை, காரல், முரல் என்று மீன் பேரைச் சொல்லிக்கொடுத்த தகப்பன்களும் உண்டு.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. 13 நாடுகளில் முதல் ஊரடங்குக் காலத்தில் 8 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளின் சொற்களைப் பெற்றோர் மூலம் எண்ணிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே சொற்கள் சேர்ந்திருந்தன. பெரியவர்கள் புத்தகம் வாசித்துக் காட்டிய வீடுகளில் அதிகம்; குழந்தையைத் திரை முன் விட்டுவிட்ட வீடுகளில் குறைவு. ஆகவே, ‘கொரோனா எல்லாப் பிள்ளைகளின் பேச்சையும் கெடுத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த வீட்டில், யார் பக்கத்தில் இருந்து, என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் இழந்தவர்கள் யார்? இராமேசுவரத்தில் கோயிலை நம்பி வாழும் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சங்குக் கடை, பூக்கடை, ஆட்டோ, தங்கும் விடுதி வேலை. 2020 மார்ச்சில் மூடிய இராமநாதசுவாமி கோயில் செப்டம்பர் 1-இல்தான் திறந்தது. அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கூட்டமே இல்லை. அன்றாடம் வரும் காசு நின்றுபோன வீட்டில், தவணைக்காரன் போன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தாய்க்குப் பிள்ளையோடு வாயாடத் தெம்பு எங்கிருந்து வரும்? அவள் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்க வைத்தாள். பேசாமலேயே எல்லாம் செய்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கவலை முதலில் பறித்துக்கொள்வது இந்த வீண்பேச்சைத்தான். பிள்ளைக்கோ அந்த வீண்பேச்சுதான் பாடம்.

சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். பிள்ளையைக் கரையில் மூத்த பிள்ளையிடமோ அங்கன்வாடியிலோ விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். அங்கன்வாடி இல்லாதபோது மூத்த பிள்ளை, அதுவும் ஒன்பது பத்து வயதுப் பிள்ளை, முழுநேரத் தாயானது. இராமநாதபுரம் நகரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும் இருந்த குடும்பங்கள் இன்னும் மோசம். வீட்டுக்காரர் வெளியே விளையாட விடவில்லை என்று சொன்ன தாய்மார்கள் பலர்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வேறொரு நிலைமை. வாப்பா துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கிறார். ஊரடங்கில் விமானம் இல்லை. ஊருக்கு வர வேண்டியவர் வர முடியவில்லை. பிறந்த பிள்ளைக்கு வாப்பா என்றால் கைப்பேசிக்குள் இருக்கும் முகம்தான். ‘போனைக் காட்டாதே, போனைக் காட்டாதே’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படியானால் அதையும் நிறுத்த வேண்டுமா என்று ஒரு உம்மா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான விடையில்தான் இந்தத் திரை விவகாரம் முழுதும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் வந்து, பொம்மை காட்டி, கதை வாசித்துப் பேசினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட பிள்ளைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்த பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை. அதே ஆள், அதே சொற்கள், அதே நேரம்.

2014-இல் ரோஸ்பெரி என்பவரின் குழு இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களை நேரில் ஒரு கூட்டத்துக்கும், வீடியோ அழைப்பில் ஒரு கூட்டத்துக்கும், பதிவு செய்த வீடியோவில் ஒரு கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நேரிலும் வீடியோ அழைப்பிலும் பேசியவர்களிடம் பிள்ளைகள் கற்றார்கள். பதிவில் கற்கவில்லை. காரணம் திரையல்ல. பிள்ளை ‘ம்’ என்றால் மறுமுனையில் ஒருவர் ‘என்னடா?’ என்று கேட்கிறாரா என்பதுதான்.

ஆகவே அந்த உம்மாவிடம் நான் சொன்னேன்: வாப்பாவோடு பேச விடுங்கள். பிள்ளை என்ன காட்டுகிறதோ அதைப் பார்த்து அவரைப் பேசச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓடுகிறதே பாட்டும் பொம்மையும், அதை நிறுத்துங்கள். ‘போன் காட்டினாத்தான் வாயத் திறக்கிறான்’ என்று சொல்லாத தாய் எங்கள் அறைக்கு வருவது அரிது. நிறங்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறான், ஒன்றிலிருந்து இருபது வரை சொல்கிறான், ‘தண்ணி வேணும்’ என்று கேட்கத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஊரடங்குக்குப் பிறகு எங்களிடம் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒலிகள் தெரியும். முறை வைத்துப் பேசத் தெரியாது. நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்வது என்ற ஊஞ்சலில் அவர்களை யாரும் ஏற்றி ஆட்டவில்லை.

முகக்கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு, பத்து மாதப் பிள்ளை பேசுகிறவரின் வாயை உற்றுப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் தாயும் பாட்டியும் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசவில்லை. சிங்கப்பூரில் லெஹர் சிங் குழுவினர் சோதித்தபோது, இரண்டு வயதுப் பிள்ளைகள் சாதாரண முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த சொற்களையும் அடையாளம் கண்டார்கள். எனவே பழியைத் துணி மேல் போட வேண்டாம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதிலும் பேசாத பிள்ளையைப் பார்த்து ஊரில் என்ன சொல்வார்கள்? ‘அவுங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’, ‘ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்’. இவை பழைய சமாதானங்கள். இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது: ‘கொரோனாப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான்.’ இந்தச் சமாதானம் ஆபத்தானது. இதற்குப் பின்னால் காது கேளாத பிள்ளை ஒளிந்திருக்கிறது.

பிறவியில் காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ஆ, ஊ’ என்று குரல் எழுப்பும். கதவு தடால் என்று சாத்தினால் தரையின் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். தாய்க்குச் சந்தேகமே வராது. ஒரு மாதத்துக்குள் சோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பரம்பரைக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் நமக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

2020-இல் என்ன நடந்தது? பஸ் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆகஸ்ட் கடைசி வரை இ-பாஸ் வேண்டும். இராமேசுவரத்திலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். காய்ச்சல் இல்லாத பிள்ளையை, கண்ணுக்குத் தெரியாத குறைக்காக, நோய் பரவும் காலத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக எந்தத் தாய் துணிவாள்? ‘கொரோனா முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டார்கள். பிறகு 2021 மே மாதம் இரண்டாம் அலை. அப்போதும் தள்ளிப்போனது. பிள்ளைக்கு மூன்று வயது ஆனபிறகு வந்தவர்கள் உண்டு. நான்கில் வந்தவர்களும் உண்டு. பேச்சுக்கான மூளையின் வாசல் அகலத் திறந்திருக்கும் காலத்தை அவர்கள் நிசப்தத்தில் கழித்திருந்தார்கள். அந்தத் தாய்மார்களை என் முன்னால் உட்கார வைத்து விவரம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அரசும் நாமும் சொன்னபடி வீட்டில் இருந்தார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். வெளியில் பல லட்சம் ஆகும் சிகிச்சை அது. 2019-இல் பிறந்த பிள்ளைக்கு அந்த வயது முடிவது 2025-இல். 2020-இல் பிறந்த பிள்ளைக்கு 2026-இல். அதனால்தான் இந்தக் கூட்டத்தை இப்போதே கூட்டச் சொன்னேன்.

இணையத்தில் பார்த்துவிட்டு ‘வர்ச்சுவல் ஆட்டிசமாமே, போனை வாங்கி வைத்தால் சரியாகிவிடுமாமே’ என்று கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு சொல். அப்படி ஒரு நோய்ப் பெயர் மருத்துவத்தில் ஏற்கப்பட்டதல்ல. போனை நிறுத்துவது நல்லது, நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்காதீர்கள். பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை என்றால் அதற்கு முறையான பரிசோதனை வேண்டும். அது ஆட்டிசமாகவும் இருக்கலாம், காதாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

அங்கன்வாடி அம்மாக்களிடம் நான் கேட்பது இதுதான். பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராத பிள்ளை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பேச்சு நின்ற பிள்ளை, இவர்களை எடை பார்க்கும் நாளிலேயே தனியாகக் குறித்து வையுங்கள். எடைக்கு அட்டை இருக்கிறது, பேச்சுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கவென்றே மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். உங்கள் ஊருக்கு வரும் பள்ளி மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

முதல் வகுப்பு ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். ஊரடங்கில் தன் வயதுப் பிள்ளைகளோடு கூடி விளையாடக் கிடைக்காத பிள்ளைக்கு ஆறு வயதில் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். எழுத்துக்கு முன் பேச்சு வரட்டும். தினமும் கொஞ்ச நேரமாவது பாடம் இல்லாமல் கேளுங்கள்: நேற்று கரையில் என்ன மீன் வந்தது, கச்சான் காற்று அடித்ததா, உங்க அப்பா எத்தனை மணிக்கு வந்தார்? பதில் ஒரு சொல்லாக வந்தால் அதை ஒரு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். ‘நண்டு’ என்றால், ‘ஆமா, பெரிய நண்டு வலையில மாட்டிச்சா?’ என்று கேளுங்கள். பிள்ளை பேசுவது கரைத் தமிழாக இருந்தால் திருத்தாதீர்கள். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து வரும் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பேச்சோடு வருவார்கள், மன்னார்ப் பேச்சோடு வருவார்கள். 2022 மார்ச் முதல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கிய குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஊரடங்கையும் பட்டினியையும் கடலையும் தாண்டி வந்தவர்கள். அவர்கள் வாயைத் திறப்பதே பெரிது. திறந்த வாயை இலக்கணம் சொல்லி மூட வேண்டாம்.

தாய்மார்களுக்குத் தனியாகப் பொம்மையோ புத்தகமோ வாங்கச் சொல்ல மாட்டேன். மீன் அலசும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்ன செய்கிறீர்களோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிள்ளை பதில் சொல்ல நேரம் எடுக்கும். நாம்தான் பொறுமையில்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

என் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பின்பக்கத்து அறையில் காது பரிசோதனைக் கருவி வைத்திருக்கிறோம், இன்று மாலை வரை இருப்போம், கட்டணம் இல்லை. கைப்பிள்ளையோடு வந்தவர்கள் முதலில் அங்கே போகலாம். கேள்வி கேட்க விரும்புகிறவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்கள் முதலில் பேசட்டும். ஊரடங்கின் இரண்டு ஆண்டும் வாசல் வாசலாகப் போனவர்கள் அவர்கள்தான், அவர்கள் பார்த்ததை நானும் கேட்க வேண்டும்.